பழைய அமெரிக்கக் காரின் ஆர்டர் எண்களைப் படிப்பது எப்படி: டீலர் மேஜையிலிருந்து லைன் கடைசி வரை

மஸ்டாங், சேலஞ்சர், கமாரோ மாதிரியான 1960, 70-களின் அமெரிக்கக் கார்களைப் பற்றிப் படிக்க ஆரம்பிக்கிற எல்லாரும் முதல் வாரத்திலேயே ஒரு தப்பு பண்ணுவார்கள், நானும் பண்ணினேன். வின் எண்ணின் (ஒவ்வொரு காருக்கும் கொடுக்கிற அடையாள எண்) கடைசி ஆறு இலக்கங்களைப் பார்த்துவிட்டு, 123456 என்றால் 123455-க்கு அடுத்து அசெம்பிளி லைனை விட்டு இறங்கிய கார் என்று முடிவு கட்டிவிடுவது. அந்த எண்ணை டாக்டர் கிளினிக்கில் கொடுக்கிற டோக்கன் மாதிரி நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். காலையிலேயே போய் 14-ஆம் டோக்கன் வாங்கிவிடுகிறீர்கள், ஆனால் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் இன்னும் வரவில்லை, அதனால் 17-ஆம் டோக்கன்காரர் உள்ளே போய்விட்டு மருந்தும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விடுகிறார். டோக்கன் எண் நீங்கள் வந்த வரிசையைச் சொல்லும், டாக்டரைப் பார்த்த வரிசையைச் சொல்லாது. ஃபோர்டு தொழிற்சாலையில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான்.

இந்த வழிகாட்டியில் பெரும்பாலும் ஃபோர்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன், காரணம் அவர்களுடைய 1967 முதலான ஆவணங்கள் பிழைத்திருக்கின்றன, ஒவ்வொரு படியையும் சரிபார்க்க முடிகிறது. கிரைஸ்லரும் ஜி.எம்.மும் (ஜெனரல் மோட்டார்ஸ்) பின்னால் வருவார்கள். ஒரு எச்சரிக்கையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கோடுகளில், அதாவது குறியீடுகளில், ஆங்கில எழுத்துகள் நிறைய வரும், தமிழில் எழுதினால் நான்காம் எழுத்தும் டி, இருபதாம் எழுத்தும் டி. குழப்பம் வருகிற இடத்தில் எத்தனையாவது எழுத்து என்று பக்கத்திலேயே சொல்கிறேன்.

படி 1: ஆர்டர் எங்கிருந்து கிளம்பியது என்று கண்டுபிடியுங்கள்

அன்றைக்கு டீலர் தொழிற்சாலைக்கு நேராகப் போன் போட்டு "ஒரு சிவப்பு வண்டி அனுப்புங்க" என்று கேட்டுவிட முடியாது. ஆர்டர் படிவம் இருந்தது. பாடி வகை, பெயின்ட், உள் ட்ரிம், என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் விகிதம், ரேடியோ, ஏசி என்று ஒவ்வொன்றுக்கும் கோடு. இதில் இரண்டு வகை உண்டு. ஒருவர் கடைக்கு வந்து தனக்கு வேண்டியதைச் சொல்லி, முன்பணம் கட்டி, சில வாரம் காத்திருந்து வாங்கிய கார் ஒன்று. டீலர் தன் ஊர்க்காரர்களின் ரசனையை ஊகித்து, ஸ்டாக்கில் நிற்கட்டும் என்று போட்ட ஆர்டர் இன்னொன்று. பார்த்தால் ஓரளவுக்குத் தெரிந்துவிடும், பெரிய என்ஜின் போட்டு ரேடியோகூட இல்லாமல், யாருக்கும் பிடிக்காத பச்சையில் ஒரு கார் நின்றால் அது பெரும்பாலும் ஒரு பிடிவாதக்காரர் சொந்தமாகக் கேட்டு வாங்கியது. ஸ்டாக் கார்கள் எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி இருக்கும், அதாவது கொஞ்சம் சலிப்பாக.

படிவம் டீலரிடமிருந்து அந்தப் பகுதியின் விற்பனை அலுவலகத்துக்குப் போகும். ஃபோர்டு நாட்டை மாவட்டங்களாகப் பிரித்து எண் கொடுத்திருந்தது: பாஸ்டன் 11, நியூயார்க் 13, டெட்ராய்ட் 33, சிகாகோ 41, லாஸ் ஏஞ்சலஸ் 71, சான் ஹோசே 72, சியாட்டில் 74. இந்த எண்தான் டிரைவர் கதவில் ரிவெட் அடித்த தகட்டில் டி.எஸ்.ஓ. என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு "33 போட்டிருக்கு, டெட்ராய்ட்டில் செய்த கார்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள், அது ஆர்டர் போட்ட மாவட்டம். எந்தத் தொழிற்சாலை என்பது வின் எண்ணில் இருக்கிறது.

சில எண்கள் ஊரைக் குறிக்காது. 83 அரசாங்கத்துக்கு, 84 தலைமை அலுவலகம் தனக்கென ஒதுக்கி வைத்தது, 89 கம்பெனியின் போக்குவரத்துப் பிரிவு, 90-களில் இருப்பவை ஏற்றுமதி. 84 போட்ட காரைப் பார்த்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம், கம்பெனி ஆட்கள் ஓட்டியதாகவோ பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுத்ததாகவோ இருக்க வாய்ப்பு உண்டு. வாய்ப்புதான், அதற்கு மேல் அந்த எண் ஒன்றும் சொல்லாது.

படி 2: டோக்கன் எண்ணைப் படியுங்கள்

ஆர்டர் தொழிற்சாலைக்கு வந்ததும் அதற்கு ஒரு தொடர் எண் போடுவார்கள். ஒவ்வொரு மாடல் ஆண்டும், ஒவ்வொரு தொழிற்சாலையிலும், ஃபோர்டு பிராண்டு கார்களுக்கு 100001-இல் ஆரம்பம், அதே கம்பெனியின் இன்னொரு பிராண்டான மெர்க்குரிக்கு 500001. அதனால்தான் டியர்போர்னில் மஸ்டாங்குடன் சேர்ந்து உருவான மெர்க்குரி கூகரின் எண் ஐந்தில் தொடங்கும்.

முதல் தலைமுறை மஸ்டாங் மூன்று இடங்களில் செய்யப்பட்டது: மிச்சிகனில் டியர்போர்ன், எழுத்து எஃப், கலிபோர்னியாவில் சான் ஹோசே, எழுத்து ஆர், நியூஜெர்சியில் மெட்டச்சன், எழுத்து டி, இருபதாம் எழுத்து. சான் ஹோசே என்று பெயர் இருந்தாலும் ஆலை பக்கத்து ஊரான மில்பிடாஸில் இருந்தது, அது வேறு கதை.

இதில் கவனிக்க இரண்டு விஷயம். மூன்று ஆலையிலும் தனித்தனியாக 100001-இல் தொடங்குவதால், 1967-இல் எஃப் எழுத்தோடு ஒரு 123456, ஆர் எழுத்தோடு இன்னொரு 123456 இருக்க முடியும், இரண்டும் அசல்தான். அடுத்து, இந்த எண் மாடலுக்கு உரியது அல்ல, ஆலைக்கு உரியது. ஆலையில் மஸ்டாங்கோடு வேறு ஃபோர்டு கார்களும் ஓடினால் அவையும் அதே வரிசையில் டோக்கன் வாங்கும். ஆக 148213 என்றால் நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சமாவது மஸ்டாங் என்று கணக்குப் போடுவது வீண்.

ஆர்டர் வந்த வரிசை வேறு, செய்த வரிசை வேறு என்பதால், எண்ணில் பின்னால் இருக்கிற கார் முன்னாலேயே லைனை விட்டு இறங்கியிருக்கலாம். எண் 1 என்பதற்கு ஒரு மயக்கம் உண்டு இல்லையா, அதற்கும் ஒரு கதை இருக்கிறது. மஸ்டாங்கின் 100001 ஒரு வெள்ளை நிறக் கன்வர்ட்டிபிள், முறையான உற்பத்திக்கு முன்னால் செய்த கார்களில் ஒன்று. காட்சிக்காகக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் செயின்ட் ஜான்ஸ் நகரத்து டீலருக்கு அனுப்பியிருந்தார்கள். 17 ஏப்ரல் 1964-இல் மஸ்டாங் அறிமுகமாவதற்கு முன்பே ஸ்டான்லி டக்கர் என்ற விமானி அதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஃபோர்டு திருப்பிக் கேட்டபோது அவர் அசையவில்லை. இரண்டு வருஷம் ஆசை தீர ஓட்டிவிட்டு, 1966-இல் புது மஸ்டாங் ஒன்றை வாங்கிக்கொண்டுதான் அதைக் கொடுத்தார். இன்று டியர்போர்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எண்ணில் அது முதல் மஸ்டாங். முதலில் செய்த மஸ்டாங் என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

படி 3: தேதி குறித்தது ஏன் முன்னே பின்னே ஆனது என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு என்னவோ இதுதான் முழு விஷயத்திலும் சுவாரசியமான இடம்.

அசெம்பிளி லைன் ஒரே வேகத்தில் நகரும். ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கிற ஆளுக்குக் கார் தன்னைக் கடந்து போகிற நேரம்தான் வேலை நேரம். ஏசி பொருத்துகிற ஆளை எடுத்துக்கொள்ளுங்கள், ஏசி இல்லாத கார் வந்தால் அவருக்கு வேலை இல்லை, ஏசி உள்ள கார் வந்தால் இருக்கிற நேரத்தை மீறி வேலை. ஒன்று விட்டு ஒன்று வந்தால் சமாளித்துவிடுவார். ஏசி கார்கள் நான்கு தொடர்ந்து வந்தால், காரோடு நடந்துகொண்டே வேலை செய்து, அடுத்தவர் இடத்துக்குள் போய் இடித்து, கடைசியில் ஒரு போல்ட்டை முறுக்காமல் விட்டுவிடுவார். கன்வர்ட்டிபிளும் அப்படித்தான், சாதாரணக் கூப்பேயைவிட அதற்கு வேலை அதிகம், அடியில் கூடுதல் வலுவூட்டல், மேலே கூரை மடிக்கிற அமைப்பு. அதனால் ஒரு நாளின் பட்டியல் போடுகிறவர்கள் கனமான வேலை உள்ள கார்களையும் லேசான கார்களையும் கலந்துதான் போட்டார்கள். சீட்டுக்கட்டைக் கலைக்கிற மாதிரி, ஆனால் கணக்கோடு.

அப்புறம் பாகங்கள். என்ஜின் வேறு ஆலையில் வார்த்து, வேறு ஆலையில் கோத்து, ரயிலில் வரும். அரிதான என்ஜின் கேட்ட ஆர்டரின் டோக்கன் எண் சின்னதாக இருக்கலாம், என்ஜின் வரவில்லையென்றால் அது உட்கார்ந்தே இருக்கும். அதற்குப் பின்னால் வந்த ஆறு சிலிண்டர் கூப்பே ஜாலியாக முன்னே போய்விடும். வேலைநிறுத்தமும் உண்டு: 1967 செப்டம்பரில் தொழிற்சங்கம் ஃபோர்டில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒன்றரை மாதத்துக்கு மேல் நீடித்தது. 1968 மாடலின் ஆரம்பக் கார் ஒன்று உங்கள் கையில் இருந்து, தேதிகள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லையென்றால், முதலில் காலண்டரில் அந்த மாதங்களைப் பாருங்கள், பிறகு போலித் தகடு என்று சந்தேகப்படலாம்.

இந்தக் கலைப்பெல்லாம் முடிந்து குறித்த நாள்தான் கதவுத் தகட்டில் ஏறியது. நாள் இரண்டு இலக்கம், மாதத்துக்கு ஓர் எழுத்து. ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி, இப்படியே போய் ஆகஸ்டுக்கு எச். ஒன்று மாதிரித் தெரிகிற ஐ எழுத்தை விட்டுவிட்டு செப்டம்பருக்கு ஜே, அக்டோபர் கே, நவம்பர் எல், டிசம்பர் எம். ஒரு மாடல் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஓடினால் இரண்டாம் சுற்றுக்கென்று என் எழுத்திலிருந்து இசட் வரை இன்னொரு தொகுதியும் கோடு அட்டவணையில் இருந்தது, அங்கே சுழியம் மாதிரித் தெரிகிற ஓ இருக்காது. இது ஏன் வேண்டும் என்றால், முதல் மஸ்டாங்கையே பாருங்கள், 9 மார்ச் 1964-இல் உற்பத்தி தொடங்கியது, 1965 மாடல் என்ற பெயரிலேயே 1965 கோடைவரை ஓடியது. அதற்குள் மார்ச், ஏப்ரல், மே எல்லாம் இரண்டு தடவை வந்துவிடுகின்றன.

இன்னொரு சின்னப் பொறி. மாடல் ஆண்டு வேறு, காலண்டர் ஆண்டு வேறு. 1967 மாடல் காரின் தகட்டில் செப்டம்பருக்கான ஜே இருந்தால் அது 1966 செப்டம்பர்.

படி 4: பாடி ஷாப்பில் நடந்ததைத் தேடுங்கள்

தேதி வந்ததும் கார் பிறக்கிறது. தரைத்தகடும் பக்கவாட்டுத் தகடுகளும் ஒரு பெரிய சட்டத்துக்குள் இறுக்கப்பட்டு வெல்டிங் ஆகும். இந்தக் கட்டத்துக்கு "பக்" என்று பெயர். அப்போது பாடிக்கு இன்னோர் எண் கிடைக்கிறது, ரொட்டேஷன் எண், அதாவது லைனில் ஓடுகிற வரிசை. டோக்கன் எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. கிளினிக் உதாரணத்திலேயே சொன்னால், நர்ஸ் கையில் ஒரு சீட்டு வைத்துக்கொண்டு "அடுத்து இவர், அதற்கடுத்து அவர்" என்று கூப்பிடுகிறாரே, அந்தச் சீட்டு.

வெறும் இரும்புக் கூடாக நிற்கிற பாடியைப் பார்த்து அது என்ன காராகப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் முன்பக்கம் என்ஜின் அறையில் ஒரு சின்ன உலோகத் தகட்டை மாட்டிவிடுவார்கள், பக் டேக். எங்கே கூடுதல் ஓட்டை போட வேண்டும், எந்தப் பெயின்ட், எந்த வகை பாடி என்பதை அதில் குறித்திருப்பார்கள். கார் முடிந்த பிறகு அந்தத் தகட்டால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை, நிறையப் பேர் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள், இன்று அது இருந்தால் காரின் விலையே கூடுகிறது.

பெயின்ட் முடிந்து ட்ரிம் லைனுக்கு வந்ததும் காகிதம் ஆட்சிக்கு வரும். பில்ட் ஷீட் என்கிற தாள் பல பிரதிகளாகப் பல நிலையங்களுக்குப் போகும். வயரிங் கட்டுகிறவர், சீட் தைக்கிறவர், என்ஜினை இறக்குகிறவர் எல்லாரும் தங்கள் கட்டத்தை மட்டும் பார்ப்பார்கள். சீட்டும் என்ஜினும் கிளை லைன்களில் தனியாக வந்து சரியான பாடியோடு சந்திக்க வேண்டும், அந்தச் சந்திப்பை நடத்திவைப்பது ரொட்டேஷன் எண்தான். வேலை முடிந்த தாளைக் குப்பைத் தொட்டிவரை கொண்டுபோக யாருக்கு நேரம், கார்ப்பெட்டுக்குக் கீழே, சீட் ஸ்பிரிங்குக்குள்ளே, டேஷ்போர்டுக்குப் பின்னால் வயரிங்கோடு சேர்த்து விட்டுவிட்டார்கள். ஐம்பது வருஷம் கழித்து சீட்டைப் பிரிக்கிறவருக்கு அது புதையல். எலி முந்திக்கொள்ளாமல் இருந்தால்.

படி 5: ஒரு தகட்டை முழுசாகப் படித்துப் பாருங்கள்

பழகுவதற்காக நானே ஒரு தகட்டை உருவாக்குகிறேன், உண்மையான கார் எதுவும் இல்லை. 1967 மஸ்டாங், வின் எண்: 7-ஆர்-01-சி-148213. மேல் வரிசையில்: 65ஏ, ஏ, 2ஏ, 17சி, 72, 1, டபிள்யூ.

வின்னில் 7 என்பது 1967. ஆர், சான் ஹோசே. 01, இரண்டு கதவு ஹார்ட்டாப், நாம் கூப்பே என்கிற வகை. 02 என்றால் ஃபாஸ்ட்பேக், 03 கன்வர்ட்டிபிள். சி என்பது 289 கன அங்குல வி8, இரண்டு பேரல் கார்புரேட்டர். மிச்சம் டோக்கன் எண்.

மேல் வரிசையில் 65ஏ மறுபடியும் கூப்பே. வின்னில் 02 இருந்து தகட்டில் 65ஏ இருந்தால் தகடு வேறு காருடையது, அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடுத்த ஏ, ரேவன் பிளாக் என்ற கறுப்பு. 2ஏ, கறுப்பு வினைல் பக்கெட் சீட். 17சி, மார்ச் 17. 1967-இல் அது வெள்ளிக்கிழமை, பொருந்துகிறது. நான் எப்போதும் கிழமையைப் பார்த்துவிடுவேன், ஞாயிற்றுக்கிழமை வந்தால் உடனே தப்பு என்று சொல்லிவிட முடியாது, ஆனால் இரண்டாம் தடவை பார்க்க வேண்டும். 72, சான் ஹோசே மாவட்டம், ஆலை இருக்கிற பகுதியிலேயே ஆர்டர் போட்டிருக்கிறார்கள், இயல்பானது. 1 என்பது 3.00 விகித ஆக்சில். டபிள்யூ, சி4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 5 இருந்தால் நான்கு கியர் மேனுவல்.

கதவுத் தகட்டை மாற்றுவது எளிது, கதவையே மாற்றுவதும் எளிது. அதனால் தகட்டை மட்டும் நம்பாமல் பாடியில் குத்திய வின்னோடு ஒப்பிடுங்கள். 1970-லிருந்து உலோகத் தகடு போய் ஸ்டிக்கர் வந்துவிட்டது.

படி 6: மற்ற தேதிகளைச் சேருங்கள்

கெவின் மார்ட்டி என்பவர் ஃபோர்டின் உற்பத்தித் தரவை உரிமம் பெற்று வைத்திருக்கிறார், மார்ட்டி ரிப்போர்ட் என்றால் இந்த வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. 1967 மாடலிலிருந்துதான் கிடைக்கும், 1965, 1966 மஸ்டாங்காரர்கள் பாவம், தகட்டோடும் கிடைத்தால் பில்ட் ஷீட்டோடும் சமாளிக்க வேண்டியதுதான். விரிவான ரிப்போர்ட்டில் ஆர்டர் வந்த நாள், எண் போட்ட நாள், பக் நாள், செய்து முடித்த நாள், ஆலையிலிருந்து விடுவித்த நாள், டீலர் விற்ற நாள் என்று வரிசையாக இருக்கும். இதுவரை நாம் நடந்துவந்த படிகள் அப்படியே.

கதவுத் தகட்டின் தேதி திட்டமிட்ட தேதி என்பதால் ரிப்போர்ட்டில் உள்ள "செய்து முடித்த நாள்" சில நாள் முன்னதாகவும் இருக்கலாம், பின்னதாகவும் இருக்கலாம். ஒத்துப்போகவில்லை என்று பதறாதீர்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது கடைசி இரண்டு தேதிகளின் இடைவெளி: விடுவித்து ஒரு வாரத்தில் விற்றிருந்தால் பெரும்பாலும் யாரோ காத்திருந்த கார், ஏழெட்டு மாதம் கழித்து விற்றிருந்தால் டீலர் தினமும் காலையில் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட கார்.

படி 7: கிரைஸ்லர் காராக இருந்தால்

இங்கே எண்களின் குணமே வேறு. டிரைவர் பக்கம் பானெட்டைத் தூக்கினால் உள் ஃபெண்டரில் ஒரு தகடு, ஃபெண்டர் டேக். இதைக் கீழ் வரிசையிலிருந்து மேல் நோக்கிப் படிக்க வேண்டும். 1969-க்குப் பிறகு அமைப்பு இப்படி: கீழ் வரிசையில் என்ஜின் கோடு, கியர்பாக்ஸ் கோடு, வின். அதற்கு மேல் வரிசையில் பெயின்ட், ட்ரிம், அப்புறம் மூன்று இடத்தில் திட்டமிட்ட உற்பத்தித் தேதி, கடைசியில் ஆறு இலக்க வாகன ஆர்டர் எண். அதற்கும் மேலே ஆப்ஷன் கோடுகள்.

தேதியில் மாதத்துக்கு ஒரே ஓர் இடம்தான். ஒன்று முதல் ஒன்பது வரை இலக்கம், அக்டோபருக்கு ஏ, நவம்பருக்கு பி, டிசம்பருக்கு சி. ஏ22 என்றால் அக்டோபர் 22. ஃபோர்டு பழக்கத்தில் ஏ என்றால் ஜனவரி என்று படித்துவிடாதீர்கள், நான் ஒரு தடவை படித்து ஒரு காரை மூன்று மாதம் இளமையாக்கிவிட்டேன்.

வின்னுக்கு உதாரணம்: பிஎஸ்23ஆர்0பி என்று தொடங்கினால் பாரகுடா, குடா வகை, இரண்டு கதவு ஹார்ட்டாப், 426 ஹெமி என்ஜின், 1970, ஹாம்ட்ராமிக் ஆலை. அதன் ஃபெண்டர் டேக்கில் என்ஜின் கோடு இ74 ஆக இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ஏதோ விளையாட்டு. ஆலை எழுத்துகளில் ஏ லிஞ்ச் ரோடு, பி ஹாம்ட்ராமிக், இ லாஸ் ஏஞ்சலஸ், ஜி செயின்ட் லூயிஸ்.

ஃபோர்டில் டோக்கனும் வின்னும் ஒன்று. கிரைஸ்லரில் ஆர்டர் எண் தனியாக, வின் தனியாக, இரண்டும் தகட்டிலேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆர்டர் எண் டீலர் காகிதத்தோடு ஒட்டும், விண்டோ ஸ்டிக்கரிலும் பிராட்காஸ்ட் ஷீட்டிலும் அதே எண்ணைத் தேடலாம். பிராட்காஸ்ட் என்ற பெயர் எப்படி வந்தது என்றால், காரின் விவரம் ஒரே நேரத்தில் பல நிலையங்களின் டெலிபிரிண்டருக்கு வானொலி மாதிரி அனுப்பப்பட்டு அங்கங்கே தாளாக வந்து விழுந்தது.

கிரைஸ்லரைப் பற்றி இன்னொன்று. டீலர் ஆர்டரே இல்லாமல் கார்களைச் செய்து மைதானங்களில் நிறுத்திவைத்து, மாதக் கடைசியில் டீலர்களுக்குப் போன் போட்டுத் தள்ளுபடியில் தள்ளிவிடுகிற பழக்கம் அவர்களிடம் இருந்தது, அதற்கு "சேல்ஸ் பேங்க்" என்று பெயர். காத்திருந்தால் விலை குறையும் என்று டீலர்கள் கற்றுக்கொண்டார்கள், ஆர்டரே போடாமல் காத்திருந்தார்கள். 1978 நவம்பரில் லீ அயகோக்கா கிரைஸ்லர் நிர்வாகத்துக்கு வந்த பிறகுதான் அதை ஒழித்தார்கள். ஆகவே ஒரு கிரைஸ்லர் காரில் ஆர்டர் எண் இருக்கிறது என்பதாலேயே அதை ஒரு வாடிக்கையாளர் ஆசையாகக் கேட்டு வாங்கினார் என்று கதை கட்டாதீர்கள்.

படி 8: ஜி.எம். காராக இருந்தால் பொறுமை வேண்டும்

ஜி.எம்.மில் பாடியைச் செய்தது ஃபிஷர் பாடி என்ற பிரிவு, காரை முடித்தது செவ்ரோலே. இரண்டு நிர்வாகம், இரண்டு எண். 1969 கமாரோவின் என்ஜின் அறைச் சுவரில் இருக்கிற ட்ரிம் டேக் ஃபிஷருடையது: பாடி வகை, பாடி எண், ட்ரிம், பெயின்ட், எந்த வாரம் என்பது. 03சி என்றால் மார்ச் மூன்றாம் வாரம். வின் அதில் இல்லவே இல்லை. பாடி எண்ணின் முன்னால் இருக்கிற எழுத்துகள் ஆலையைச் சொல்லும், ஒஹாயோவின் நார்வுட் என்றால் என்ஓஆர். பாடி எண்ணும் வின்னும் ஒட்டாது, ஒட்ட வேண்டியதும் இல்லை.

வின்னும் கஞ்சத்தனமானது. 124379என் என்றால் செவ்ரோலே, கமாரோ, வி8, கூப்பே, 1969, நார்வுட். எந்த வி8 என்று சொல்லாது. சாதாரண 307 கன அங்குல என்ஜின் காரும் அதே, வேகத்துக்குப் பேர்போன இசட்28 வகையும் அதே. 1968 டிசம்பரிலிருந்து நார்வுட் ஆலை ட்ரிம் டேக்கில் எக்ஸ்33, எக்ஸ்77 மாதிரி கோடுகளைப் போட ஆரம்பித்தது, அதனால் அதற்குப் பிந்தைய நார்வுட் இசட்28-களை அடையாளம் காணலாம். கலிபோர்னியாவின் வான் நைஸ் ஆலை அதைக்கூடச் செய்யவில்லை.

கார்வெட்காரர்களுக்கு மட்டும் ஒரு வசதி, 1967 முதல் ஆர்டர் விவரத் தாளைப் பெட்ரோல் டேங்க்கின் மேல் ஒட்டிவிட்டார்கள். டேங்க்கை இறக்கினால் டீலர் எண், மண்டல எண் எல்லாம் அதில் இருக்கும், மழையும் துருவும் விட்டுவைத்திருந்தால். ஜி.எம்.மின் இன்னொரு பிராண்டான பான்டியாக் வைத்திருப்பவர்களுக்கோ பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸிடம் பழைய பில் நகல்கள் கிடைக்கின்றன. செவ்ரோலேகாரர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

படி 9: வழக்கத்தை மீறிய ஆர்டரா என்று பாருங்கள்

பட்டியலில் இல்லாததைக் கேட்டால் மூன்று கம்பெனியும் மூன்று விதமாகக் குறித்தன. ஃபோர்டில் டி.எஸ்.ஓ. இரண்டு இலக்கத்துக்குப் பின்னால் இன்னும் நான்கு இலக்கம் சேரும், சிறப்புப் பெயின்ட் என்றால் நிறக் கோடு கட்டம் காலியாகவும் இருக்கலாம். கிரைஸ்லரில் சிறப்புப் பெயின்ட்டுக்கு 999. செவ்ரோலேயில் சென்ட்ரல் ஆபீஸ் புரொடக்ஷன் ஆர்டர், சுருக்கமாகக் கோப்போ. டாக்சி, போலீஸ் கார், கம்பெனிகள் மொத்தமாக வாங்குகிற கார்களுக்காக இருந்த சாதாரணக் காகித வழி அது.

அந்த வழியில் புகுந்து 1969-இல் பந்தயக் கார் வாங்கினார்கள். பென்சில்வேனியாவில் கேனன்ஸ்பர்க் ஊர் டீலர் டான் யென்கோ, 427 என்ஜின் போட்ட கமாரோக்களைக் கோப்போ 9561 என்ற எண்ணில் வாங்கி விற்றார். இல்லினாய்ஸில் லா ஹார்ப் என்கிற சின்ன ஊரின் டீலர் ஃப்ரெட் கிப், இன்னும் ஒரு படி மேலே போய், முழு அலுமினிய 427-ஐக் கோப்போ 9560-இல் கேட்டார், இசட்எல்1 என்று பெயர். டிராக் பந்தய (நேர்கோட்டு வேகப் பந்தயம்) அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. ஒப்புக்கொள்ள 50 கார் இருக்க வேண்டும், எனவே 50-க்கு ஆர்டர். கார்கள் வந்தபோது ஒவ்வொன்றின் விலையும் 7,200 டாலரைத் தாண்டியிருந்தது. சாதாரணக் கமாரோ மூவாயிரத்துக்குள் கிடைத்த வருஷம் அது. சின்ன ஊரில் 50 பேரை எங்கே தேடுவது, 13-ஐ வைத்துக்கொண்டு 37-ஐச் செவ்ரோலே திரும்ப எடுத்துக்கொண்டு மற்ற டீலர்களுக்கு அனுப்பியது. மொத்தமே 69 இசட்எல்1 கமாரோக்கள்தான் செய்யப்பட்டன. இவ்வளவு நடந்தும் வின் எண்ணைப் பார்த்தால் அது வெறும் வி8 கமாரோ. ஆர்டர் காகிதம் இல்லாவிட்டால் நிரூபிப்பது பெரும்பாடு.

படி 10: எல்லாவற்றையும் ஒரே தாளில் வரிசைப்படுத்துங்கள்

கார் முன்னால் நின்றுகொண்டு மனசுக்குள்ளேயே கணக்குப் போடாதீர்கள். ஒரு தாளில் மேலிருந்து கீழாக எழுதுங்கள்: ஆர்டர் போட்ட மாவட்டம் அல்லது டீலர், தொடர் எண், திட்டமிட்ட தேதி, பாடி செய்த வாரம், முடித்த நாள், விற்ற நாள். கிடைக்காத கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். பிறகு என்ஜின் பிளாக், கியர்பாக்ஸ், ஆக்சில், கண்ணாடி ஆகியவற்றில் வார்த்த அல்லது பொறித்த தேதிகளைப் பக்கத்தில் எழுதுங்கள். அவை எல்லாம் காரின் தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும், சில வாரம் முன்னால் என்றால் நல்லது. மார்ச் 17-க்குத் திட்டமிட்ட காரில் மே மாதம் வார்த்த என்ஜின் பிளாக் இருந்தால் விற்பவர் சொல்கிற "அசல் என்ஜின்" கதையைச் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளலாம், விலை பேசும்போது மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டுக்குள்ளிருந்து பில்ட் ஷீட் கிடைத்தால் குதிப்பதற்கு முன் அதிலுள்ள வின்னை உங்கள் வின்னோடு ஒப்பிடுங்கள். லைனில் முன்னே பின்னே போன காரின் தாள் உங்கள் சீட்டுக்குள் விழுந்திருப்பது சகஜம். எண் பொருந்தவில்லை என்றாலும் தூக்கிப் போடாதீர்கள், உலகத்தின் இன்னொரு மூலையில் யாரோ அந்தத் தாளைத் தேடிக்கொண்டு தன் சீட்டைக் கிழித்துக்கொண்டிருப்பார்.